அண்ணை நண்டோடு கதைத்த நாள்

அண்ணை நண்டோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

பகிடிக்கு எழுதவில்லை, உண்மையாகத்தான். ஓலைக் கூடைக்குள் கிடந்த ஒரு பெரிய நண்டைப் பார்த்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "நண்டே, உந்த வெள்ளைக் கல்லை அடுப்புக்கு வைக்கவேண்டாம் எண்டு சொல்லு. வெடிக்கும்" என்றார்.

நண்டு பதில் சொல்லவில்லை. அதன் கால்களைக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தோம். கல்லைச் சுமந்துகொண்டு வந்த என் கணவரோ, மச்சானுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். அண்ணை சொன்னதை நான் எடுத்துச் சொன்னால் நான் இறங்கிப் போனதாகிவிடும். எனக்கும் ரோசம் இருக்கிறதல்லவா?

போன கிழமை என் எழுத்துக் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது, அண்ணை என்னோடு கதைப்பதை நிறுத்திய இடத்தில் விட்டிருந்தேன். அதற்குப் பிறகு என்னை மறித்துக் கேட்காத ஆள் இல்லை. மீன் வெட்டித் தருகிறவர்கூட, "அக்கா, அண்ணர் பேந்து கதைச்சவரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் செதிலில் கை வைக்கிறார்.

கதைத்தார். முதலில் நண்டோடுதான்.

முன்கதை, அவசரமாக

போன கிழமை எழுதியதைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. நாங்கள் வல்வெட்டித்துறைக் கடற்கரை வீட்டார். ஐயாவும் அம்மாவும் நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார்கள். அண்ணைதான் வள்ளம் ஓட்டி என்னை வளர்த்தார். தலை பின்னிவிட்டதும் அவர்தான். கோணல் பின்னல்தான், ஆனால் பின்னிவிட்டார். படிப்பித்து ஆசிரியையாக்கியதும் அவர்தான்.

நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர் அளவெட்டிப் பக்கத்துப் புகையிலைக் கமக்காரர் வீட்டுப் பிள்ளை. ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றது. நானும் மாஸ்டர் என்றே எழுதுகிறேன். கட்டிய புருசனின் பெயரைப் பத்திரிகையில் போட எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது, சிரிக்காதீர்கள்.

அவரைத்தான் கட்டப்போகிறேன் என்று அண்ணையிடம் நேரே சொன்னேன். "மண்வெட்டி பிடிக்கிறவனுக்கும் துடுப்புப் பிடிக்கிறவனுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். அளவெட்டியிலும் அதே கேள்வியைத்தான் கேட்டார்களாம், துடுப்பை முன்னுக்கு வைத்து. இரண்டு பக்கமும் முகத்தைச் சுளிக்க, நாங்கள் கல்யாணப் பதிவாளரிடம் போய் எழுத்தை முடித்தோம்.

அன்றைக்குக் கதைப்பதை நிறுத்தினார் அண்ணை. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு சொல் இல்லை. வழியில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். நான் பிறந்த வீட்டுப் படலையைத் திறக்க எனக்கு முடியவில்லை. இரவில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது திடீரென்று அவர் இருமுகிற சத்தம் ஞாபகம் வரும், சோறு இறங்காது. மாஸ்டர் நல்ல மனிசர், ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளிவிடுவார்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணை என்னைப் "பிள்ளை" என்று கூப்பிடவேண்டும். ஏசுவதற்கென்றாலும் சரி.

சின்னையா விரித்த வலை

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கோயில் கொடியேறித் தீர்த்தம் முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் காய்ச்சமாட்டோம். திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, எல்லோரும் வள்ளத்தில் ஏறி, பருத்தித்துறை முனையைச் சுற்றிக் கிழக்கே இருக்கிற மணல் மேடுகளுக்குப் போவோம். அங்கே வெட்டவெளியில் அடுப்பு மூட்டி ஒடியற்கூழ் காய்ச்சிக் குடித்துவிட்டு, பொழுது சாயமுன்னம் திரும்புவோம். கல்யாணம் முடித்த அந்த முதல் வருடம் எனக்கு அழைப்பு இல்லை.

அடுத்த வருடம் சின்னையா, ஐயாவின் தம்பி, பஸ் ஏறி எங்கள் வீடு தேடி வந்தார். வந்ததும் வராததுமாக, "ஞாயிறு கூழ். ரெண்டு பேரும் விடியவே வந்திடுங்கோ" என்றார்.

"அண்ணையும் வாறாரோ?"

"அவன்தானே யந்திரம் பிடிக்கிறது."

"என்னைக் கண்டா எழும்பிப் போயிடுவார், சின்னையா."

"எங்கை போறது? கடலுக்குள்ளை இறங்கி நடப்பானோ?" சின்னையா தன் திட்டத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

அப்படித்தான் அந்த ஞாயிறு நாங்கள் ஒரே வள்ளத்தில் இருந்தோம். பின்னால் யந்திரத்தைப் பிடித்தபடி அண்ணை, வானத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டு. முன்னால் நான், கடலில் ஏதோ எழுதியிருப்பதுபோலக் கீழே பார்த்துக்கொண்டு. நடுவில் சின்னையாவும் சின்னம்மாவும், கூழ் காய்ச்சுகிற பெரிய பாத்திரமான கிடாரம், மரவள்ளி, பலாக்கொட்டை, நண்டுக்கூடை, நல்ல தண்ணீர்க் குடம். கிடாரத்தைக் கட்டிப்பிடித்தபடி மாஸ்டர். கடலில் அவருக்கு அதுதான் முதல் பயணம். பாவம், முகம் வாழையிலை நிறத்தில் இருந்தது.

அவருடைய பயத்தைப் போக்கச் சின்னையா ஏதேதோ கதை விட்டுக்கொண்டு வந்தார். "எங்கடை ஆக்கள் கடலுக்கை போனா நல்ல தண்ணியிலை சமைக்கமாட்டம், மாஸ்டர். கடல் தண்ணி ஒரு செம்பு விட்டாத்தான் கூழுக்கு ருசி." மாஸ்டர் கணக்குப் பாடம் கேட்கிற பிள்ளைபோலத் தலையாட்டினார்.

மூன்று கல்லும் ஒரு கிடாரமும்

வெட்டவெளியில் சமைப்பது ஏதோ சின்ன வேலை என்று நினைப்பவர்கள் மணலில் ஒருதரம் அடுப்பு வைத்துப் பார்க்கவேண்டும். வீட்டு அடுப்பு சொன்னபடி கேட்கும். மணல் அடுப்புக்குக் காற்று ஒரு எசமான், மணல் இன்னொரு எசமான், பசியோடு சுற்றி நிற்கிற சனம் மூன்றாவது எசமான்.

முதலில் குழி. காற்று வருகிற பக்கம் வாயை வைத்து முழங்கை ஆழத்துக்குத் தோண்டவேண்டும். உலர்ந்த மணல் சரிந்து விழும், அதனால் கடல் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தோண்டுவோம். குழியைச் சுற்றி மூன்று கல். கல் மணலில் புதைந்தால் கிடாரம் சரியும். அதற்கு ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் ஒரு உடைந்த ஓடு. கிடாரத்தின் அடியில் சாம்பலும் களிமண்ணும் குழைத்துப் பூசினால் கரி பிடிக்காது. துழாவுவதற்குச் சீவிய பனைமட்டை. அள்ளச் சிரட்டை அகப்பை. குடிக்கப் பனையோலையில் மடித்த பிளா. எங்கள் சமையற்கட்டு அவ்வளவுதான்.

கல் விசயத்துக்கு வருகிறேன். எங்கள் குடாநாட்டில் கல் என்றால் சுண்ணாம்புக்கல்தான், கரையில் கிடப்பது கடற்பவளமான முருகைக்கல். பார்க்க வெள்ளை வெளேரென்று வடிவாக இருக்கும். ஆனால் கடல் தண்ணீர் குடித்துக் கிடந்த முருகைக்கல்லை நெருப்பில் வைத்தால் வெடிக்கும். ஆகவே வள்ளத்தின் அடிப்பாரத்துக்குக் கிடந்த மூன்று கருங்கற்களைத்தான் எப்போதும் இறக்குவோம்.

இது மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? வந்த இடத்தில் சும்மா நிற்கக்கூடாது என்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையிலேயே வடிவான மூன்று வெள்ளைக் கல்லாகத் தெரிந்தெடுத்துச் சுமந்து வந்தார். அண்ணை நண்டிடம் எச்சரித்தார். நண்டு தூது போகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் கல்லை வைத்து, நடுவே இரண்டு சுள்ளியைக் கொளுத்தி, குனிந்து ஊதினார்.

டப்!

ஒரு கல் பிளந்து பாதி எங்கோ பறந்தது. மாஸ்டர் பின்பக்கமாகப் பாய்ந்த பாய்ச்சலை வலைப்பந்து விளையாடுகிற என் மாணவிகள் கண்டிருந்தால் அணியில் சேர்த்திருப்பார்கள். சின்னம்மா "முருகா!" என்று கத்தினார். நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மாஸ்டரின் வேட்டியில் மட்டும் ஒரு ஓட்டை.

அண்ணை நண்டைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னன், நீ சொல்லேல்லை" என்று அதை ஏசினார். சத்தியமாக ஏசினார். எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டு பலாக்கொட்டை உரித்தேன்.

நெருப்பு யார் பக்கம்

கருங்கல் வந்தது, குழி வந்தது, கிடாரம் ஏறியது. இனி நெருப்பு அண்ணையின் வேலை. அவர் குந்தியிருந்து நெருப்புக்குச்சியைக் கிழித்தார். அதற்குள் பலமாக எழும்பியிருந்த காற்று அணைத்தது. மறுபடி கிழித்தார். மறுபடி அணைந்தது. கையைக் குவித்துப் பார்த்தார், இடுப்புச் சாரத்தை விரித்து மறைத்துப் பார்த்தார். நெருப்புப் பெட்டி வெறுமையாகிக்கொண்டே போனது.

மாஸ்டர் மெல்ல எழுந்து போனார். பின்னாலிருந்த பனைகளின் அடியில் எதையோ பொறுக்கினார். திரும்பி வந்தபோது கையில் பன்னாடை, அதுதான் பனைமட்டை அடியில் வலைபோல இருக்கிற காய்ந்த நார். அதைப் பஞ்சாகக் கசக்கி, ஒரு காய்ந்த பாளைக்குள் பொதிந்து, அண்ணைக்குப் பக்கத்தில் குந்தி, கடைசிக்கு முந்தின குச்சியை எடுத்துக் கிழித்தார். பொதி புகைந்தது. அதைக் குழந்தையைப்போலக் கையில் ஏந்தி, காற்றுக்கே காட்டி ஆட்டினார். எந்தக் காற்று அணைத்ததோ அந்தக் காற்றே ஊதிக் கொடுத்தது. பக்கென்று பற்றியது.

புகையிலை பதப்படுத்துகிற குடிலுக்கு நாள் முழுக்கப் புகை போட்டு வளர்ந்த கை அது. என்னைக் கட்டியவர் என்று ஊருக்கே கேட்கக் கத்தவேண்டும்போல இருந்தது.

அண்ணை கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்தார். பிறகு கூடைப் பக்கம் திரும்பி, "நண்டே, நெருப்புப் பரவாயில்லை" என்றார்.

மாஸ்டருக்கு அப்போதுதான் நண்டு யார் என்று விளங்கியது. அவரும் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "பெரிய உபகாரம்" என்று மிக மரியாதையாகச் சொன்னார். சின்னையா மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

அந்த நண்டும் பிறகு கூழுக்குள் போனது. எங்களுக்கு நடுவில் கதைக்க இனி ஒருவரும் இல்லை. அதனால்தான் வினை வந்தது.

உப்பு

ஒடியற்கூழ் பற்றித் தெரியாதவர்கள் இருப்பார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாதான் ஒடியல் மா. அதைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பை இறுத்து எடுப்போம். கிடாரத்தில் ஒரு பிடி அரிசி, மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய் முதலில் வேகும். பிறகு மீன், இறால், நண்டு. அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் மாவோடு கரைத்து ஊற்றித் துழாவினால் கடற்கரை முழுக்க மணக்கும். கோதுமை மாவுக்கும் பாணுக்கும் தட்டுப்பாடான காலம் அது. பட்டணத்துக்காரர்கூட ஒடியலைத் தேடி அலைந்தார்கள்.

இதில் உப்புக்குத்தான் எங்கள் வீட்டில் கட்டுப்பாடு. உப்பு ஒரே ஆளின் கைதான் போடவேண்டும். போட்டபின் ஒருவரும் ருசி பார்க்கக்கூடாது. முதல் பிளா கடலுக்கு ஊற்றவேண்டும், அதற்கு முன் மனித வாய் படக்கூடாது. அம்மா போனபின் அந்த உப்புக் கை என் கை. சின்னப்பிள்ளையாக இருந்த நாளிலிருந்தே நான்தான் போடுவேன்.

மீனை எடுக்க அண்ணை வள்ளத்துக்குப் போனார். நான் உப்புச் சிரட்டையைப் பார்த்தேன். ஒரு வருடம் தள்ளி வைத்தால் என் உரிமை போய்விடுமா? என்னுடைய கை என்னுடைய கைதான் என்று ஆத்திரத்தோடு அள்ளி, அளவாகப் போட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, போடுவது நான்தானே.

பிறகு சின்னம்மாவும் நானும் பிளா மடிக்க ஓலை வெட்டப் போனோம். நான் இல்லாத முந்தின வருடம் உப்புப் போட்டவர் அண்ணை. அவரும் என்னிடம் கேட்கமாட்டாரே! வந்தார், சிரட்டையைப் பார்த்தார், தன் பங்குக்கு அள்ளிப் போட்டார். அண்ணையின் கை, துடுப்புப் பிடித்த கை, பெரிய கை.

துழாவிக்கொண்டு நின்ற மாஸ்டருக்கோ, தான் எதிலும் குறை வைக்கக்கூடாது என்ற எண்ணம். சுற்றிலும் பார்த்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு போய், கடலில் மொண்டு வந்து, பயபக்தியோடு ஊற்றினார்.

யார் முதலில் துப்புவது

சின்னையா முதல் பிளாவைக் கடலுக்கு ஊற்றிக் கும்பிட்டார். கடல் குடித்தது. கடலுக்கு உப்பு உறைக்குமா?

எல்லோரும் வட்டமாகக் குந்தினோம். ஆவி பறந்தது. நான் ஊதி ஒரு மிடறு இழுத்தேன்.

ஐயோ! நாக்கு சுருண்டுவிட்டது. கடல் அலை அடித்து வாய்க்குள் போனால்கூட அவ்வளவு உப்பு இருக்காது. துப்பப்போனேன். நேர் எதிரே அண்ணை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு அசைவில்லை. விழுங்கினார். உப்புப் போட்டவள் நான், நானே துப்பினால் என்ன ஆகும்? நானும் விழுங்கினேன். அவர் இன்னொரு மிடறு குடித்தார். நானும் குடித்தேன்.

சின்னம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்து மணல் மேட்டுக்குப் பின்னால் ஓடினார். சின்னையா, "எனக்கு விடியவே வயிறு ஒரு மாதிரி" என்று பிளாவை மெல்லக் கீழே வைத்தார்.

மாஸ்டர் மட்டும் மடக்கு மடக்கென்று குடித்தார். முடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்று பிளாவை நீட்டினார்.

அண்ணை அவரை முதல்முறையாக நேரே பார்த்தார். அந்தப் பார்வையில் பயமும் மரியாதையும் சமமாக இருந்தன. மச்சான் இரண்டாவது பிளா குடிக்கும்போது, கடலில் பிறந்தவர் ஒன்றோடு நிறுத்துவதா? அவரும் பிளாவை நீட்டினார். அப்படியென்றால் நானும் நீட்டத்தானே வேண்டும்? சின்னையா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து, "விசர்க் கூட்டம்" என்று முணுமுணுத்தபடி அள்ளி ஊற்றினார்.

பாதியில் அண்ணையின் கை நின்றது. தொண்டை ஏறி இறங்கியது. பிளாவைப் பட்டென்று மணலில் குத்திவைத்தார். கூடை வெறுமை, நண்டு இல்லை. நேரே என்னைப் பார்த்தார்.

"எடி பிள்ளை! உப்பு ஆர் போட்டது?"

ஒரு வருடமாக இந்த ஏச்சுக்குத்தானே காத்திருந்தேன்.

"நான்தான் போட்டனான், அண்ணை."

"நானுமெல்லோ போட்டனான்!"

மாஸ்டர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார். "நான் ஒரு செம்பு கடல் தண்ணி விட்டனான். சின்னையாதான் சொன்னவர்."

"ஐயோ, நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்!" என்று சின்னையா தலையில் கை வைத்தார்.

அண்ணை மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அப்ப ஏன் ஐசே உந்தக் கூழை ரெண்டு தரம் குடிச்சனீர்?"

"நீங்கள் குடிச்சியள். கடற்கரைக் கூழ் உப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சன். நீங்கள் ஏன் குடிச்சனீங்கள்?"

"நீர் குடிக்கேக்கை நான் கீழை வைக்கிறதே?"

அண்ணையின் தோள் குலுங்கத் தொடங்கியது. ஐயா போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மணலில் சாய்ந்து, காலை உதறி, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மாஸ்டரின் முதுகில் ஒரு அடி விட்டார், அவர் கிடாரத்துக்குள் விழப் பார்த்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும் உப்புத்தான்.

திரும்பி வரும்போது

நல்ல தண்ணீர்க் குடம் சீக்கிரம் வற்றிவிட்டது. மணலைத் தோண்டினால் ஊறியதும் அரை உப்பு. அண்ணை அதையும் வாயில் விட்டுப் பார்த்து, "இதுக்கும் நீர்தான் கடல் தண்ணி விட்டனீரோ, மாஸ்டர்?" என்று கேட்டார். மறுபடி எல்லோரும் உருண்டோம். சின்னம்மா தணலுக்குள் புதைத்துச் சுட்ட மரவள்ளியும், ஈர்க்கில் குத்தி வாட்டிய சின்ன மீனும்தான் அன்றைக்கு எங்கள் வயிற்றைக் காப்பாற்றின. அவற்றுக்கு நல்லகாலம் யாரும் உப்புப் போடவில்லை.

பொழுது சாய்கிற நேரம் வள்ளம் முனையைத் திரும்பியது. மாஸ்டர் கிடாரத்தை அணைத்தபடி நித்திரையாகிவிட்டார். அண்ணை யந்திரத்தைப் பிடித்தபடி, காற்றுக்குள் கத்தினார்.

"உது கூழில்லை. வாற ஞாயிறு வீட்டிலை திரும்பக் காய்ச்சவேணும்."

"ஆர் உப்புப் போடுறது?" என்று சின்னம்மா கேட்டார்.

"அவள்தான். வேறை ஆரும் சிரட்டையைத் தொட்டா கையை முறிப்பன். என்ரை கையையும் சேர்த்துத்தான்." பிறகு என் பக்கம், "என்ன பிள்ளை, ரெண்டு பேரும் வீட்டை வாறியளோ?"

என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உப்பில் தொண்டை வறண்டிருந்தது.

"வாயிலை என்ன, கொழுக்கட்டையோ?"

"ஓம்" என்றேன்.

"கேக்கேல்லை!"

யந்திரச் சத்தத்துக்கு மேலாக, மாஸ்டர் திடுக்கிட்டு எழும்ப, கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"ஓம் அண்ணை! வாறம்!"